கை அறியாத பரப்பு

திருப்பூரில் ஒரு சாம்பிள் மேசைக்கு வந்தால் பையர் அதைப் பார்ப்பதற்கு முன்பே தேய்த்துவிடுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்து ஒரு சின்ன உரசல், அவ்வளவுதான். ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கான எடை, சரியாக இருக்கும், சாயம் ஒட்டியிருக்கும், அளவும் தப்பியிருக்காது. ஆனாலும் "ஃபீல் வரலை" என்று ஒரு வார்த்தை விழுந்தால் மொத்த லாட்டும் திரும்பக் காம்பாக்டிங்குக்கோ வாஷிங்குக்கோ போகும். உடுமலைப்பேட்டைச் சுற்றுவட்டாரத்து மில்களில் நூற்ற ஒரே நூலில், ஒரே மெஷினில் ஓடிய சிங்கிள் ஜெர்சி இரண்டு ஃபினிஷிங் பட்டறைகளிலிருந்து இரண்டு துணியாக வெளியே வரும் என்பது இந்த வட்டாரத்தில் செக்கிங் டேபிளில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கடைசித் தொட்டியில் சேரும் சாஃப்டனரால் வருவது. அதில் நல்ல ரகம் சிலிக்கோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலி. பக்கவாட்டில் மீதைல் தொகுதிகள். சங்கிலி எளிதாக முறுக்கிக்கொள்ளும், திரும்பும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பருத்தி இழைமேல் அது மெல்லிய படலமாகப் படிந்தால் விரலுக்கு வழவழப்புத் தெரிகிறது. இதே சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்தால் எண்ணெய் ஜெல்லாகும். இன்னும் நெருக்கமாகப் பிணைத்துச் சிலிக்காத் தூள் சேர்த்தால் ரப்பராகும். மார்பக இம்ப்ளான்ட் என்பது இந்த ரப்பரால் செய்த ஒரு பை. உள்ளே இந்த ஜெல். பனியனுக்கு மென்மை தரும் குடும்பமும் மார்புக்குள் வைக்கும் பொருளின் குடும்பமும் ஒன்றுதான்.

அந்தப் பையின் வெளிப்பரப்பு இரண்டு வகை. ஒன்று வழவழப்பு, மற்றது சொரசொரப்பு. அறுவைக்கு முன் மருத்துவரிடம் பெண்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இரண்டில் எது தொட்டால் இயல்பாக இருக்கும் என்பது. பையரின் கேள்வியும் இதுதான். ஆனால் துணியில் கைக்கும் பரப்புக்கும் நடுவே எதுவும் இல்லை. இங்கே தோல் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, பல வேளைகளில் தசையும் இருக்கிறது. விரல் அந்தப் பரப்பை ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை. அப்படியானால் பரப்பு எப்படி இருந்தால் என்ன?

கேள்வியைப் பணக்காரர் விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் அறுவைத் துறையில், மார்பகச் சீரமைப்பும் இம்ப்ளான்ட்டும் ஏழைகளுக்கு இலவசம் என்று அறிவித்து ஒரு சிறப்புப் பிரிவை அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதை எழுதின. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் பற்றாத நாட்டில் அழகுக்குச் செலவா என்று கண்டனமும் வந்தது. புற்றுநோய்க்காக மார்பை இழந்த பெண்ணையும், ஒரு மார்பு வளரவே வளராத இளம்பெண்ணையும் மனதில் வைத்தால் "அழகு" என்ற சொல் அங்கே பொருந்தாது என்பது என் கருத்து. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம்; 2022-க்கான உலகக் கணக்கீட்டில் ஓராண்டில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பேர். மார்பை எடுத்த பிறகு மறுசீரமைப்பு வரை போவோர் இவர்களில் மிகச் சிலரே.

மற்றவர்களில் பலர் உள்ளாடைக்குள் ஏதாவது வைத்துச் சமாளிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சிலிக்கோன் வடிவம் கனமானது. பங்குனி வெயிலில் வியர்த்து வழுக்கும், விலையும் அதிகம். பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்வது பழைய வழி. அமெரிக்காவில் 2011-ல் பார்பரா டெமோரெஸ்ட் தொடங்கிய நிட்டட் நாக்கர்ஸ் இயக்கம் இதற்கு ஒரு பின்னலாடை விடை தந்தது. மெல்லிய நூலில் கையால் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்துத் தன்னார்வலர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் பெண்கள் குழுவாகக் குரோஷா ஊசியில் பருத்தி நூலால் இதைப் பின்னித் தருகிறார்கள். உலகத்துக்கே பனியன் பின்னும் ஊரில் இதற்கென ஒரு நிட்டிங் மெஷின் ஓடினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அது வேறு அத்தியாயம். உள்ளே வைக்கும் பொருளுக்கு வருவோம்.

முதலில் விரலின் திறமையைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், கண்ணுக்கே தெரியாத சுருக்கங்களைப் பரப்பில் உருவாக்கி, பெண்களின் கண்ணைக் கட்டிவிட்டு விரலால் தடவச் சொன்னார்கள். 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கம் இருக்கும் பரப்பையும் ஒன்றுமே இல்லாத பரப்பையும் விரல் பிரித்துச் சொன்னது. ஒரு மைக்ரானை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்று, அதில் பதின்மூன்று. தலைமுடியின் கனம் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விரல் நகர வேண்டும். பெரிய மேடுபள்ளங்களை, அதாவது சில நூறு மைக்ரான் இடைவெளி உள்ளவற்றை, விரல் சும்மா அழுத்தினாலே நரம்புகள் படம்பிடித்துவிடும். அதைவிட நுண்ணியவை உரசும்போது எழும் அதிர்வாக மட்டுமே தெரியும். விரலை அசைக்காமல் வைத்தால் அந்தத் தகவல் நின்றுபோகும். பையர் துணியைப் பிடித்துப் பார்க்காமல் தேய்த்துப் பார்ப்பது இதனால்தான்.

மார்புக்குள் இருக்கும் பையின்மேல் யாரும் விரலை உரச முடியாது. நடுவே இருக்கும் சதை எல்லா நுண் அதிர்வையும் விழுங்கிவிடும். கைக்கு எட்டுவது வேறொரு வகைத் தகவல்: அழுத்தினால் எவ்வளவு அமுங்குகிறது, விட்டால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, பக்கவாட்டில் தள்ளினால் நகர்கிறதா, ஓரம் தட்டுப்படுகிறதா, சூடு ஒத்திருக்கிறதா. ஜப்பானில் 1970-களில் கவாபாத்தா என்ற பேராசிரியர், துணியின் ஃபீல் என்று சொல்வதை எந்திரத்தால் அளக்கும் முறையை உருவாக்கினார். இழுவை, வளைவு, நழுவல், அமுக்கம், பரப்பு என்று பிரித்து 16 அளவுகள் எடுப்பார். அதில் பரப்பின் சொரசொரப்பு ஒரு பகுதி மட்டுமே. மார்பில் அந்தப் பகுதியை அடித்துவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, புதிதாகப் பொருத்திய இரண்டு இம்ப்ளான்ட்டுகளில், பையின் ரப்பர் ஓட்டுக் கனமும் ஜெல்லும் ஒன்றாக இருந்தால், எது வழவழப்பு எது சொரசொரப்பு என்று வெளியிலிருந்து கையால் சொல்வது கடினம். இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பரப்பைத் தொடுகிற வேறு ஒன்று உள்ளே இருக்கிறது.

அதைப் பார்க்க டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குப் போக வேண்டும். ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் மருத்துவர் பிளாஸ்டிக் ரத்தப் பை ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தபோது பெண்ணின் மார்பு நினைவுக்கு வந்தது என்று கதை. அவரும் தாமஸ் குரோனினும் டௌ கார்னிங் நிறுவனத்தின் உதவியோடு சிலிக்கோன் பையில் சிலிக்கோன் ஜெல் அடைத்தார்கள். முதலில் எஸ்மெரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். 1962-ல் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்கு வைத்தார்கள். அவர் மருத்துவமனைக்கு வந்தது பச்சை குத்தியிருந்ததை அழிக்க. மார்பைப் பெரிதாக்கும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை, காதைச் சரிசெய்தால்தான் தேவலை என்றிருந்தது என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காதையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் இப்படிப்பட்ட பேரங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

அந்த முதல் இம்ப்ளான்ட்டின் பின்புறத்தில் துணி இருந்தது. டேக்ரான், அதாவது பாலியெஸ்டர். வழவழப்பான பை இடம் மாறிவிடும் என்று பயந்து, உடலின் திசு வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று டேக்ரான் ஒட்டுகள் வைத்தார்கள். அதே ஹூஸ்டனில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இதய அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டேக்ரான் துணியை மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்து ரத்தநாளத்துக்கு மாற்றாக வைத்துப் பார்த்திருந்தார். பிறகு துணி நிபுணர் ஒருவரைப் பிடித்து, தையலே இல்லாத டேக்ரான் குழாய்களைப் பின்னுவதற்கென்றே ஒரு நிட்டிங் மெஷினை வடிவமைக்க வைத்தார். பின்னல் துணியின் கண்களுக்குள் மனிதத் திசு புகுந்து வளரும் என்பது அந்த ஊரில் தெரிந்த செய்தி. பின்னல் என்றாலே டீ-ஷர்ட் என்று பழகிய நமக்குத்தான் இது புதிது.

திசு புகுந்து பிடித்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்புச் சரிதான். வழவழப்போ சொரசொரப்போ, உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடல் அதைச் சும்மா விடாது. முதலில் ரத்தப் புரதங்கள் அதன்மேல் படியும். பிறகு மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் வந்து விழுங்கப் பார்க்கும். தம்மைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதை விழுங்க முடியாது என்றானதும், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வரவழைத்துக் கொலாஜன் நாரால் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். சில வாரங்களில் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஒரு நாருறை உருவாகிவிடும். அது நோயல்ல, எல்லாப் பெண்களுக்கும் உருவாகும். மெல்லியதாக, தளர்வாக இருந்தால் இருப்பதே தெரியாது.

சிக்கல் அந்த உறை சுருங்கும்போது. நாருறைக்குள் தசை போலச் சுருங்கும் திறமுள்ள செல்கள் உண்டு. காயம் ஆறும்போது இருபுறத் தோலையும் இழுத்துச் சேர்ப்பவை அவையே. அவை உறையை இழுக்கத் தொடங்கினால் உறையின் பரப்பளவு குறையும். உள்ளே இருக்கும் ஜெல்லின் கனஅளவு மாறாது. ஒரே கனஅளவை மிகக் குறைந்த பரப்பளவால் மூடக்கூடிய வடிவம் கோளம். அதனால் தட்டையாகப் படுத்திருந்த இம்ப்ளான்ட் மெல்ல மெல்லக் கோளமாக எழும்பும். கோளமான பிறகு அதை அழுத்தினால் வடிவம் மாற வேண்டும். வடிவம் மாறினால் பரப்பளவு கூட வேண்டும். பரப்பளவு கூட உறை நீள வேண்டும். கொலாஜன் எளிதில் நீளாது. கைக்குக் கல் மாதிரி தெரியும்.

இதில் வியப்பான பகுதி, உள்ளே இருக்கும் இம்ப்ளான்ட் கெட்டியாகவே இல்லை என்பது. அறுவை செய்து உறையைப் பிளந்து வெளியே எடுத்தால், வைத்த நாளில் இருந்த அதே மென்மையோடு மருத்துவரின் கையில் கிடக்கும். பல ஆண்டுகளாக அந்தப் பெண் "இம்ப்ளான்ட் இறுகிவிட்டது" என்று சொல்லிவந்தது தன் உடம்பு கட்டிய சுவரைப் பற்றி. மருத்துவர்கள் இதை பேக்கர் என்பவர் 1970-களில் வகுத்த நான்கு படிகளில் குறிக்கிறார்கள். முதல் படியில் பார்வைக்கும் தொடுதலுக்கும் இயல்பு. இரண்டில் கைக்கு மட்டும் சற்றுக் கெட்டி. மூன்றில் கண்ணுக்கே வடிவம் மாறித் தெரியும். நான்கில் வலி.

இப்போது பரப்புக்குத் திரும்பலாம். வழவழப்பான பரப்பைச் சுற்றிக் கட்டும்போது கொலாஜன் நார்கள் ஒரே திசையில் அடுக்காகப் படிகின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும். 1970 வாக்கில் பாலியூரித்தேன் நுரையால் மூடிய இம்ப்ளான்ட் சந்தைக்கு வந்தபோது மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: அதை வைத்த பெண்களுக்கு இறுக்கம் வெகு அபூர்வம். நுரையின் துளைகளுக்குள் திசு தாறுமாறாகப் புகுந்ததால் நார்களின் இழுவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டது என்று விளக்கினார்கள். நுரை சிதைந்து நச்சு வேதிப்பொருள் வெளிவரக்கூடும் என்ற அச்சத்தில் 1991-ல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து போயிற்று. அதற்குள் போட்டி நிறுவனங்கள் பாடத்தைப் படித்துக்கொண்டன. நுரை வேண்டாம், சிலிக்கோனிலேயே துளை போடுவோம் என்று 1980-களின் பிற்பகுதியில் இறங்கின.

செய்முறை ஃபினிஷிங் பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலை மாதிரிதான் இருக்கும். மார்பு வடிவ அச்சைத் திரவச் சிலிக்கோனில் முக்கி எடுத்து, உலரவிட்டு, மறுபடி முக்குவார்கள். இப்படிப் படலம் படலமாக ஓடு உருவாகும். அடுப்பில் வைத்தால் வழவழப்பான ஓடு. பின்னாளில் அலர்கன் நிறுவனத்திடம் வந்துசேர்ந்த பயோசெல் முறையில், கடைசிப் படலம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே உப்புத் துகளை அப்பி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்து, அடுப்பில் வேகவைத்து, பிறகு தேய்த்துக் கழுவுவார்கள். உப்புக் கரைந்துபோன இடமெல்லாம் குழி. சில நூறு மைக்ரான் அகலக் குழிகள். மென்டார் நிறுவனத்தின் சில்டெக்ஸ் முறையில் ஈர ஓட்டை நுரைமேல் அழுத்தி அதன் அச்சைப் பதிய வைத்தார்கள். அது இன்னும் நுண்மை.

பலித்ததா? பிரிட்டனில் கோல்மன் குழுவினர் 53 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழவழப்பு, இன்னொன்றுக்குச் சொரசொரப்பு வைத்தார்கள். 1991-ல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் கடும் இறுக்கம் வந்தது வழவழப்பில் 58 சதவீதம், சொரசொரப்பில் 8 சதவீதம். பத்தாண்டு கழித்து அதே பெண்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது 65-க்கு 11. மருத்துவ ஆய்வில் இப்படிப் பளிச்சென்ற வித்தியாசம் கிடைப்பது அரிது. ஸ்வீடனில் தார்பிலா குழுவினர் இன்னும் துணிச்சலான சோதனை செய்தார்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. உள்ளே ஜெல்லுக்குப் பதில் உப்புநீர். ஏறத்தாழ இருபது பெண்கள். 1997-ல் வந்த முடிவு: இறுக்கத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். பிரிட்டனில் வைத்த இடம் மார்புச் சுரப்பிக்குக் கீழே, தசைக்கு மேலே. அந்த இடத்தில் பரப்பின் பங்கு பெரிது. தசைக்கு அடியில் வைத்தால் இறுக்கம் பொதுவாகவே குறைவு, பரப்பின் பங்கும் சுருங்கிவிடும். பழைய ஜெல்லைக் கசியவிட்ட ஓடுகள், உப்புநீர் ஓடுகள் எல்லாம் கணக்கில் வேறு வேறு. போதாததற்குக் கிருமி வேறு. நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியா அறுவையின்போது பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் பரவினால், காய்ச்சலோ சீழோ இல்லாமல் பல ஆண்டுகள் உடலைச் சீண்டிக்கொண்டே இருக்கும். உறையும் இறுகிக்கொண்டே வரும். சொரசொரப்பான பரப்பில் ஒளிய இடம் அதிகம். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு இறுக்கம் எந்தப் பரப்பானாலும் அதிகம்.

இதெல்லாம் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. முதல் நாளிலிருந்தே தெரியும் சில வேறுபாடுகளும் உண்டு, ஆனால் அவையும் நேரடியாகப் பரப்பால் வருவன அல்ல. குழி விழுந்த ஓடு கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிழியும். கனமான ஓட்டின் மடிப்பு மெல்லிய தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும். மார்பு எடுத்த பெண்ணுக்கு மேலே தோலும் சிறிது கொழுப்பும் மட்டுமே மிஞ்சுவதால் அவர் இதை அதிகம் உணர்வார். இயல்பான மார்புக்குள் வைத்துக்கொண்டவர் கவனிக்கவே மாட்டார். வழவழப்பான இம்ப்ளான்ட் தன் உறைக்குள் நழுவும்: படுத்தால் பக்கவாட்டில் சரியும், எழுந்தால் இறங்கும். இயல்பான மார்பும் அப்படித்தான் செய்யும். சொரசொரப்பு, திசுவோடு ஒட்டிக்கொண்டால், அசையாது. கை தள்ளும்போது தோலும் சேர்ந்து இழுபடும். சிலருக்கு அந்த இழுப்பே மேலே சுருக்கமாகத் தெரியும்.

இன்னொரு குழப்பம். கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட் திரும்பிவிட்டால் மார்பு கோணலாகும். அதனால் அவற்றைச் சொரசொரப்பாக மட்டுமே செய்தார்கள். வடிவம் நிற்க வேண்டும் என்பதற்காக உள்ளே ஜெல்லையும் அதிகம் பிணைத்துக் கெட்டியாக்கினார்கள். சொரசொரப்பு என்றால் கெட்டி என்று பல பெண்கள் சொல்வதன் பின்னணியில் பெரும்பாலும் இந்த ஜெல்தான் இருக்கிறது. பழி மட்டும் பரப்புக்கு.

ஜெல் விஷயத்தில் கையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு பிரான்சின் பிப் நிறுவனம் சாட்சி. அதன் முதலாளி ஜான்-குளோட் மாஸ், அனுமதி பெற்ற மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதில் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை அடைத்துப் பல நாடுகளுக்கும் விற்றார். 2010-ல் அதிகாரிகள் ஆலைக்குள் புகுந்து பார்த்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. தினம் தினம் இம்ப்ளான்ட்டைக் கையில் எடுத்து வைத்த அறுவை மருத்துவர்களின் விரல்கள் ஆண்டுக்கணக்கில் அந்த மோசடியைக் கண்டுபிடிக்கவில்லை. 2013-ல் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறை.

சொரசொரப்பின் கதை வேறு விதமாக முடிந்தது. 1997-ல் கீச், கிரீச் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், இம்ப்ளான்ட் உறையையொட்டி ஓர் அபூர்வ லிம்ஃபோமா வந்த பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மார்பகப் புற்றுநோய் அல்ல அது, நோயெதிர்ப்புச் செல்களின் புற்றுநோய். ஒன்றிரண்டாக வந்த செய்திகள் சேர்ந்து 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் பெருங்குழி இம்ப்ளான்ட்டுகளையும் நுரை மூடியவற்றையும் தடைசெய்தது. அதே ஆண்டு ஜூலையில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட கணக்கில் உலகம் முழுவதும் 573 பேர், அவர்களில் 33 மரணம். 481 பேரிடம் இருந்தது அலர்கன் தயாரிப்பு. பயோசெல் வகைகளை அலர்கன் உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலகெங்கும் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பெண்களில் சில நூறு என்பது சிறிய எண்தான். ஆனால் நோயாளிகளிடம் காணப்பட்டதெல்லாம் ஏறக்குறைய சொரசொரப்பு வரலாறு. ஒட்டிப் பிடிக்கட்டும் என்று வெட்டிய குழிகளே நாள்பட்ட அழற்சிக்கு இடம்கொடுத்திருக்கலாம் என்பது இப்போதைய ஊகம். கிருமிப் படலம், உராய்வில் உதிரும் சிலிக்கோன் துகள், மரபணு என்று காரணங்களை இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு சொரசொரப்பு என்ற கேள்வியை ஒழுங்காக, அளந்து, கேட்டது லிம்ஃபோமா எச்சரிக்கை வந்த பிறகுதான். 2018-ல் வந்த சர்வதேசத் தர நிர்ணயம் சராசரிக் கரடுமுரடு 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் வழவழப்பு, 10 முதல் 50 வரை நுண்சொரசொரப்பு, அதற்கு மேல் பெருஞ்சொரசொரப்பு என்று கோடு போட்டது. 2021-ல் எம்.ஐ.டி.யின் ராபர்ட் லாங்கரும் டோலாஃப், வெய்சே உள்ளிட்ட கூட்டாளிகளும் வெவ்வேறு கரடுமுரடு உள்ள குட்டி இம்ப்ளான்ட்டுகளைச் செய்து எலிகளுக்கும் முயல்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள். பெண்களிடமிருந்து எடுத்த உறைகளையும் ஒப்பிட்டார்கள். மிகக் கடுமையான அழற்சி பெருங்குழிப் பரப்பில். மிகக் குறைந்தது முழு வழவழப்பிலும் இல்லை, சராசரி 4 மைக்ரான் கரடுமுரடு கொண்ட பரப்பில். ஒரு செல்லே பத்து இருபது மைக்ரான் இருக்கும். தன் உடலைவிடச் சிறிய மேடுபள்ளங்களில் உட்கார்ந்த செல்லுக்கு எங்கேயும் அழுத்திப் பிடிக்கவும் முடியவில்லை, குழிக்குள் விழுந்து சிக்கவும் முடியவில்லை என்று ஊகிக்கலாம். அந்தப் பரப்புள்ள மோட்டிவா இம்ப்ளான்ட் ஏற்கெனவே பல நாடுகளில் விற்பனையில் இருந்தது. அந்த ஆய்வுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் பணமும் போயிருந்தது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். எஃப்.டி.ஏ. அதை அனுமதித்தது 2024 செப்டம்பரில். லிம்ஃபோமா வெளித்தெரியப் பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகள் ஆவதால், புதிய பரப்பு எதைப் பற்றியும் இப்போதே தீர்ப்பு எழுத முடியாது.

நான்கு மைக்ரான் பரப்பை விரலால் நேரே தடவினால் பட்டுப்போல் வழவழப்பு என்றே சொல்வோம். செல் அதைச் சொரசொரப்பு என்கிறது. நம் தொடுஉணர்வு ஒன்று, நம் உடலின் செல்கள் தொடுவது வேறொன்று. மார்பின் ஃபீலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தீர்மானிப்பது இரண்டாவது.

உடுமலையிலிருந்து கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட ஒரு பெண், தன்னுடையது திரும்பப் பெற்ற வகையா என்று அறிய விரும்பினால் கையால் அழுத்திப் பார்த்துப் பயனில்லை. மென்மையாக இருப்பது பயோசெல்லாகவும் இருக்கலாம், கெட்டியாகிவிட்டது வழவழப்பாகவும் இருக்கலாம். உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டில் பழகிய கண்ணுக்கு ஓட்டின் பரப்பு ஓரளவு தெரியும். அதைவிட எளிது, அறுவையன்று கொடுத்த அட்டை: நிறுவனம், மாடல், லாட் எண் அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் அறுவை செய்த மருத்துவமனையில் கேட்கலாம். பெட்டியோடு வரும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவைப்பது வழக்கம். திரும்பப் பெற்ற வகைதான் என்று தெரிந்தாலும், தொந்தரவு ஏதும் இல்லாதவர்கள் அதை எடுத்துவிட வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. பல ஆண்டு அமைதிக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், கட்டி தட்டுப்பட்டால், விடாமல் வலித்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உறையைச் சுற்றிச் சேர்ந்த நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்பத்திலேயே பிடிபட்டால் இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுதாக எடுப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையாகப் போதுமானதாக இருந்திருக்கிறது.